கணையமும் பன்றியும்

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்கள், வெள்ளி ஆகிய இரு நாட்களில்தான் திறந்திருக்கும். விழா நாட்கள் சில இதற்கு விலக்கு. மற்ற நாட்களில் அம்மன் அருகிலுள்ள பெரியசாமி மலைக்குப் போய்விடுகிறாள் என்பது ஊரார் நம்பிக்கை. மதுரையை எரித்த கண்ணகி சினம் தணிந்து அமர்ந்த இடம் இதுவே என்றும் ஒரு வழக்கு உண்டு. வேண்டுதல் உள்ள பெண்கள் கோயிலருகிலேயே உரலில் பச்சரிசி இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து நெய்யூற்றி மாவிளக்கு ஏற்றுவார்கள். திங்கட்கிழமை காலையில் உலக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சில மாதங்களுக்கு முன் அப்படியொரு திங்கட்கிழமை, என்னிடம் இளங்கலைத் தமிழ் படித்த மாணவி ஒருத்தியை அங்கே பார்த்தேன். இடுப்பில் நான்கு வயதுப் பையன். விளக்கு மலையேறியதும் அவன் மாவுக்குக் கை நீட்டினான். அவள் சற்றுப் பொறு என்று சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு மாத்திரைக் கூட்டை எடுத்துத் திருகித் திறந்தாள். உள்ளே கடுகினும் சிறிய மணிகள். ஒரு துண்டு வாழைப்பழத்தை மசித்து அதன்மேல் மணிகளைத் தூவி, மெல்லாமல் விழுங்கச் சொல்லி ஊட்டினாள். மேலே இரண்டு வாய்த் தண்ணீர். அதன் பிறகே மாவு.

“நெய் சேர்ந்தது எதைக் குடுத்தாலும் இது இல்லாமக் குடுக்க முடியாதுங்கய்யா. குடுத்தா அப்படியே எண்ணெயா வெளிய வந்துரும்” என்றாள்.

எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பிள்ளைக்கு உடம்பு தேறவேயில்லை, எவ்வளவு சாப்பிட்டாலும் எலும்பும் தோலுமாக இருக்கிறான் என்று அவள் தொலைபேசியில் சொன்னபோது, “இது கணை. நம் பாட்டிமார்கள் அறிந்த நோய்தான். நாட்டு மருந்து கொடு, தேறிவிடுவான்” என்று சொன்னவன் நான். கணை என்ற சொல்லின் வேரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசவும் செய்தேன். அந்தப் பத்து நிமிடத்திற்கான கடனாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

*

முதலில் சொற்களைப் பார்ப்போம். என் தொழில் அது.

கணை என்றால் அம்பு. குழந்தைகளை வாட்டும் ஒரு நோய்க்கும் அதுவே பெயர். காய்ச்சலும் கழிச்சலுமாகக் குழந்தை மெலிந்து போவதைக் கணை என்றும் கணைச்சூடு என்றும் சொல்வர். சவலை, மாந்தம் போன்ற பெயர்களும் அதன் அக்கம்பக்கத்தில் நிற்பவை. ஊருக்கு ஊர் அவற்றின் எல்லைகள் மாறும். இந்தப் பெயர்கள் எல்லாம் நோயின் தோற்றத்தைச் சொல்கின்றனவே தவிரக் காரணத்தைச் சொல்வதில்லை. மெலியும் குழந்தை எதனால் மெலிந்தாலும் அது கணைதான்.

கணையம் வேறு சொல். கோட்டைக் கதவின் உட்புறம் குறுக்கே இடும் காவல் மரத்திற்கு அப்பெயர். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரை மதிலைக் காத்து நின்ற பொறிகளின் நீண்ட பட்டியல் ஒன்று வருகிறது. அப்பட்டியலில் கணையம் உண்டு. அதே பட்டியலில் பன்றி என்ற பெயரிலும் ஒரு பொறி உண்டு. மதிலேறி வரும் பகைவரின் உடலைக் கிழிப்பதற்கென இரும்பால் செய்து வைத்தது அது என்பர் உரைகாரர்.

இருபதாம் நூற்றாண்டில் அறிவியலைத் தமிழில் எழுதியவர்கள், இரைப்பைக்குப் பின்னே வயிற்றில் குறுக்காகக் கிடக்கும் ஓர் உறுப்பைக் கணையம் என்று அழைத்தனர். பெயரிட்டவர் மனத்தில் கோட்டைக் கதவின் குறுக்கு மரம் இருந்ததோ இல்லையோ, பொருத்தம் கண்ணில் படுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதே உறுப்பைச் சதையி என்கின்றன. முழுவதும் சதை என்னும் பொருள் தரும் பாங்க்ரியாஸ் என்ற கிரேக்கச் சொல்லின் நேர்ப்பெயர்ப்பு அது. என்சைம் என்பதற்கு நாம் நொதி என்கிறோம். அவர்கள் நொதியம் என்கின்றனர். கிரேக்க வேர் ‘புளித்த மாவில் இருப்பது’ என்று பொருள்படும். நம் சொல்லும் நொதித்தலில் இருந்தே பிறந்தது. இரு மொழிகளும் மாவுப் பானையைப் பார்த்தே அந்தப் பொருளுக்குப் பெயர் வைத்திருக்கின்றன.

பெயர்கள் அழகானவை. ஆயினும் என் மாணவியின் பிள்ளையைக் காப்பாற்றியது பெயர் அல்ல. அந்தச் சிறு மணிகள். அவை வந்த வழி நீளமானது.

*

கணையத்தின் வேலை என்ன என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவரை தெளிவாகவில்லை. பாரிசில் கிளாட் பெர்னார் 1840களின் பிற்பகுதியில் முயல்களை அறுத்து ஆராய்ந்தார். முயலின் உடலமைப்பில் ஒரு வசதி உண்டு. பித்தநீர்க் குழாய் குடலில் சேரும் இடத்திற்கு வெகுதூரம் கீழேதான் கணையக் குழாய் சேர்கிறது. கொழுப்பு உண்ட முயலில், கணையநீர் கலக்கும் இடத்திற்குப் பின்னரே குடலிலிருந்து செல்லும் நிணநாளங்கள் பாலைப் போல வெளுத்திருந்தன. கொழுப்பை உடலுக்குள் எடுத்துச் செல்லத் தகுந்ததாக மாற்றுவது கணையநீர் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1856-ல் விரிவான நூலாக அதை வெளியிட்டார். 1870களில் வில்லி கூனே என்னும் ஜெர்மானியர் கணையநீரில் புரதத்தைச் செரிக்கும் பொருளுக்கு டிரிப்சின் என்றும், இவ்வகைப் பொருள்களுக்குப் பொதுவாக என்சைம் என்றும் பெயரிட்டார்.

அடுத்து வணிகம் வந்தது. இறைச்சிக் கூடங்களில் வீணாகும் பன்றிக் கணையத்தை உலர்த்திப் பொடியாக்கி, பாங்க்ரியாட்டின் என்ற பெயரில் 1880களிலேயே நியூயார்க்கிலும் சிகாகோவிலும் விற்றனர். நோயாளிக்குக் கொடுக்கும் பாலை முன்கூட்டியே செரிக்க வைக்கவும், பொதுவாகச் செரிமானக் கோளாறுக்கும் அது பயன்பட்டது. மருந்து தயாராக இருந்தது. எந்த நோய்க்கு அது இன்றியமையாதது என்பதுதான் தெரியவில்லை.

அதைக் கண்டவர் டோரதி ஆண்டர்சன் (1901–1963). மருத்துவம் படித்து முடித்தவர். பெண் என்பதால் அறுவை மருத்துவப் பயிற்சிக்கான இடம் மறுக்கப்பட்டது. பிணக்கூறு ஆய்வுக்கு வந்து சேர்ந்தார். நியூயார்க்கின் குழந்தைகள் மருத்துவமனையில், சீலியாக் என்னும் குடல் நோயால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒரு குழந்தையின் உடலை 1935 வாக்கில் அறுத்துப் பார்த்தபோது, கணையம் இருக்க வேண்டிய இடத்தில் நார்த்தழும்பும் நீர்க்கட்டிகளும் இருந்தன. அதோடு அவர் நிற்கவில்லை. பழைய ஏடுகளையும் பிற மருத்துவமனைகளின் பதிவுகளையும் தேடித் துருவினார். 1938-ல் 49 குழந்தைகளின் வரலாற்றைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார். கணையத்தின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பெயரிட்டார். நீர்க்கட்டியும் நாரும் என்பதே அதன் பொருள். சுவிட்சர்லாந்தில் கைடோ ஃபான்கோனி 1936-லேயே இதை ஒத்த குழந்தைகளைக் குறிப்பிட்டிருந்தார். 1905-ல், பின்னாளில் இரத்த வகைகளுக்காகப் புகழ்பெற்ற கார்ல் லாண்ட்ஸ்டெய்னரும், பிறந்ததும் குடலடைத்து இறந்த சிசுவின் கணையம் பழுதாகியிருந்ததை எழுதியிருந்தார். இவற்றையெல்லாம் ஒரே நோயாக ஒரு கயிற்றில் கட்டியது ஆண்டர்சனின் சாதனை.

இறந்தவர்களின் மூலம் அறிந்ததை உயிரோடிருப்பவர்களுக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். குழந்தையின் வாய்வழியே மெல்லிய குழாயைச் சிறுகுடல்வரை செலுத்தி, அங்குள்ள நீரில் டிரிப்சின் இருக்கிறதா என்று பார்க்கும் முறையை உருவாக்கினார். இல்லாத குழந்தைகளுக்குப் பன்றிக் கணையப் பொடியும், உயிர்ச்சத்து ஏ-யும், புரதம் மிகுந்து கொழுப்புக் குறைந்த உணவும் கொடுத்தார். முதல் ஆண்டைத் தாண்டாதவர்கள் சில ஆண்டுகள் வாழத் தொடங்கினர். இந்நோய் பெற்றோர் இருவரிடமிருந்தும் வருவது என்பதை 1946-ல் மற்றொரு கட்டுரையில் காட்டினார்.

*

பொடி கொடுத்தும் பலனில் பாதிதான் கிடைத்தது. காரணம் எளியது. கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் என்னும் நொதி, இரைப்பையின் அமிலத்தில் அழிந்துபோகிறது. அழிந்தது திரும்பாது. குடலுக்குப் போக வேண்டிய படை, கோட்டை வாயிலிலேயே மடிந்தது. ஆகவே மருத்துவர்கள் கொழுப்பைக் குறைக்கச் சொன்னார்கள். நெய்யில்லை, வெண்ணெயில்லை, முட்டையில்லை. குழந்தைகளின் பசி அடங்கவில்லை. எடையும் ஏறவில்லை.

1970களில் கனடாவின் டொராண்டோ மருத்துவமனையில் டக்ளஸ் குரோசியர் என்பவர் இந்த மரபை மீறினார். குழந்தை விரும்பிய கொழுப்பையெல்லாம் உண்ணட்டும், அதற்கு ஈடாக நொதியைத் தாராளமாகக் கொடுப்போம் என்றார். அவருடைய நோயாளிகள் வளர்ந்தார்கள். இந்தத் துணிச்சலின் பலன் 1988-ல் வெளியான ஓர் ஒப்பீட்டில் எண்களாகத் தெரிந்தது. பாஸ்டன், டொராண்டோ ஆகிய இரு நகரங்களின் நோயாளிகளை ஒப்பிட்டார்கள். நுரையீரலின் நிலை இரண்டு இடங்களிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் பாஸ்டனில் நடுநிலை வாழ்நாள் 21 ஆண்டுகள்; டொராண்டோவில் 30. உணவுமுறையே முக்கிய வேறுபாடு. ஒன்பது ஆண்டு வாழ்க்கை, வெண்ணெயில் இருந்து வந்திருக்கிறது.

அதே காலத்தில் மணிகளும் வந்தன. நொதியைச் சிறுசிறு மணிகளாக்கி, அமிலத்தில் கரையாமல் சிறுகுடலின் காரத்தில் மட்டும் கரையும் பூச்சொன்றை அவற்றின்மேல் பூசினர். இரைப்பையைக் கடக்கும்வரை உறை காக்கும். குடலுக்கு வந்ததும் திறக்கும். ஒரு பெரிய மாத்திரையாக இல்லாமல் ஓரிரு மில்லிமீட்டர் மணிகளாக இருப்பதற்கும் காரணம் உண்டு. உணவோடு கலந்து உணவின் வேகத்திலேயே அவை இறங்க வேண்டும். மாணவி பிள்ளையிடம் மெல்லாதே என்று சொன்னதும் இதனால்தான். மென்றால் உறை உடையும், வாயும் புண்ணாகும். சூடான சோற்றில் கலக்கக் கூடாது. பாலில் ஊறப் போடக் கூடாது.

மருந்து நல்லதென்றால் அளவு கூடினால் இன்னும் நல்லதுதானே என்ற எண்ணமும் வந்தது. செறிவு மிகுந்த மாத்திரைகள் விற்பனைக்கு வந்தன. 1994-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் மருத்துவர்கள், அத்தகைய மாத்திரைகளை உண்ட ஐந்து குழந்தைகளின் பெருங்குடல் தடித்துச் சுருங்கிவிட்டதை அறிவித்தனர். அதன்பின் வரம்பு விதிக்கப்பட்டது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு லைபேஸ் 10,000 அலகுக்கு மேல் போகக் கூடாது. ஒரு வேளைக்கு 2,500 அலகு உச்சம். நம் பையனின் எடை இப்போது 13 கிலோ. 10,000 அலகு கொண்ட மாத்திரை ஒரு நாளைக்கு 13-ஐத் தாண்டக் கூடாது என்று கணக்கு. அவன் ஆறு உண்கிறான். மாவிளக்கு நாளில் ஏழு.

இன்னொரு செய்தி வியப்பைத் தரும். நூறாண்டுக்கு மேலாகப் புழங்கிய இந்த மருந்துக்கு முறையான ஒப்புதலே பெரும்பாலும் இருந்ததில்லை. கூட்டுக்குக் கூடு வீரியம் மாறியது. 2004-ல்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எல்லா நிறுவனங்களும் சோதித்துக் காட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த ஆணைக்குப் பின் முதல் ஒப்புதல் 2009-ல் கிடைத்தது.

*

கணையம் இந்நோயின் ஒரு முகம் மட்டுமே. மற்றொரு முகம் உப்பு.

1948 கோடையில் நியூயார்க்கை வெப்ப அலை தாக்கியது. வெயிலில் சோர்ந்து மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் இந்நோய் உள்ளவர்கள் வழக்கத்துக்கு மீறி இருந்தனர். ஆண்டர்சனும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அதைக் கவனித்தார்கள். பால் டி சான்ட் ஆக்னீஸ் என்ற மருத்துவர் அதைத் துலக்கினார். இக்குழந்தைகளின் வியர்வையில் உப்பு மிகுதி என்று 1953-ல் நிறுவினார். 1959-ல் கிப்சனும் குக்கும், தோலில் மருந்தை மின்னோட்டத்தால் செலுத்தி வியர்வை எடுக்கும் முறையை வகுத்தனர். குழாய் விழுங்க வேண்டியதில்லை. ஒரு லிட்டருக்கு 60 மில்லிமோல் குளோரைடுக்கு மேல் என்றால் நோய் ஏறத்தாழ உறுதி. இன்றும் அடிப்படைச் சோதனை அதுவே. நெற்றியில் முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்று ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. அறிவியல் அங்கே போய்ச் சேரப் பல நூறாண்டுகள் ஆயின.

உப்புக்கும் சளிக்கும் கணையத்துக்கும் என்ன தொடர்பு? 1983-ல் பால் குவிண்டன், வியர்வைக் குழாய்களின் சுவரைக் குளோரைடு கடக்க முடியவில்லை என்று காட்டினார். 1989-ல் லாப்-சீ சூயி, ஜான் ரியோர்டன், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் ஏழாம் குரோமோசோமில் அதற்குரிய மரபணுவைக் கண்டன. குளோரைடுக்கு வாயிலாக நிற்கும் ஒரு புரதத்துக்கான குறிப்பு அது. 1,480 அமினோ அமிலங்கள் கோத்த அந்தச் சரத்தில் 508-ஆவது ஒன்று இல்லாமல் போவதே மிகப் பரவலான பிழை. வாயில் அடைபட்டால் உப்பும் நீரும் உரிய இடத்துக்குப் போவதில்லை. நுரையீரலில் சளி பசையாகிறது. கணையத்தின் குழாய்கள் அடைபடுகின்றன. வெளியேற வழியில்லாத நொதிகள் கணையத்தையே தின்றுவிடுகின்றன. காவல் மரம் உள்ளிருந்து அரிக்கப்படுகிறது.

*

இனி நம் நாட்டுக்கு வருவோம். நெடுங்காலம் நம் மருத்துவக் கல்லூரிகளில் இது வெள்ளையர் நோய் என்றே சொல்லித் தரப்பட்டது. இந்தியாவில் இல்லை, இருந்தாலும் எண்ணத் தக்கதல்ல என்பது பொதுக் கருத்து. 1968-ல் சண்டிகரிலிருந்து முதல் அறிக்கைகள் வந்தன. பாக்கூ, குமார், வாலியா ஆகியோர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். அதே ஆண்டில் மேத்தா முதலானோரும் எழுதினர். அதன்பின் அங்கொன்று இங்கொன்றாகக் குறிப்புகள். 1990களில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் எஸ். கே. காப்ராவும் உடன் பணிபுரிந்தவர்களும் திட்டமிட்டுத் தேடத் தொடங்கிய பிறகுதான் வரிசையாகக் குழந்தைகள் தெரிந்தனர். வியர்வை எடுக்கும் வெளிநாட்டுக் கருவியின் விலை தடையாக இருந்தது. அவர்கள் உள்நாட்டிலேயே மலிவான முறை ஒன்றை உருவாக்கி 2002-ல் வெளியிட்டனர். தேடும் கருவி கிடைத்ததும் நோய் ‘வந்துவிட்டது’. அதுவரை இல்லாமலா இருந்தது?

அவர்கள் கண்டவற்றுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, பிறந்த சில மாதங்களிலேயே தொல்லை தொடங்கியிருந்தும் நோய் தெரியவரும்போது ஆண்டுகள் கழிந்திருந்தன. மற்றொன்று, ஐரோப்பியரில் மூன்றில் இரண்டு பங்கு காணப்படும் 508-ஆவது பிழை இங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். வேறு பல பிழைகள் இங்கே உள்ளன. ஐரோப்பியருக்காகச் செய்த மரபணுச் சோதனையை நம் குழந்தைகளுக்குச் செய்தால் பலரை அது தவறவிடும். 2006-ல் வெளியான தில்லி ஆய்வொன்று 955 சிசுக்களின் தொப்புள்கொடி இரத்தத்தைப் பார்த்து, இப்பிழையைச் சுமப்பவர் 238-ல் ஒருவர் என்று கணித்தது. வட ஐரோப்பாவில் 2,500 முதல் 3,500 பிறப்புகளுக்கு ஒரு குழந்தைக்கு இந்நோய் என்றால், இந்திய வம்சாவளியினரில் 40,000-க்கு ஒன்று முதல் 1,00,000-க்கு ஒன்று வரை பல மதிப்பீடுகள் உள்ளன. அரிது என்பது உண்மை. ஆனால் நம் பிறப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் அரியதும் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும்.

தமிழகத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இந்நோய்க்குத் தனிக் கவனம் அளித்து வருகிறது. என் மாணவியின் பிள்ளைக்கு வியர்வை எடுத்ததும் அங்கேதான். அதற்குமுன் ஓரிடத்தில் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று சொல்லி ஆறு மாதம் காசநோய் மருந்து கொடுத்திருக்கிறார்கள். இன்னோரிடத்தில் மறுபடி ஆறு மாதம். அந்த மருத்துவர்களைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. இருமும், மெலியும் இந்தியக் குழந்தைக்குக் காசநோயை ஐயுறுவது இயல்பு. அவர்கள் தம் பாடநூலில் இருந்து சொன்னார்கள். நான் என் அகராதியில் இருந்து சொன்னேன்.

வெயிலும் இங்கே சேர்ந்துகொள்கிறது. பெரம்பலூர், அரியலூர் மண் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்தது. சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரம் அதற்குச் சான்று. இன்று அதே மண்ணில் சித்திரை வெயிலில் நிற்க முடியாது. வியர்வையில் உப்பை இழக்கும் இக்குழந்தைகள், இருமலோ பேதியோ இல்லாமலேயே துவண்டு விழுவதுண்டு. நம் நாட்டில் பல குழந்தைகளின் நோய் இப்படித்தான் முதலில் வெளிப்படுகிறது. நொதியோடு உப்பும் அவர்களுக்கு மருந்து. அம்மன் கோயில்களில் உப்பும் மிளகும் கொட்டி வேண்டிக்கொள்ளும் வழக்கம் எத்தனையோ ஊர்களில் உண்டு. இந்தப் பிள்ளைக்குக் கஞ்சியில் கூடுதலாக ஒரு சிட்டிகை போட வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெற்றோர் இருவரும் பிழையைச் சுமந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கு மரபணுவைப் பொதுவில் கொண்டவர்கள். அத்தை மகனும் மாமன் மகளும் எட்டில் ஒரு பங்கு. நம் உறவுமுறைத் திருமணம் அரிய பிழைகள் இரண்டு ஒன்றுகூடும் வாய்ப்பைப் பெருக்குகிறது. ஆனால் உறவில் மணக்காதவர்களுக்கும் இந்நோய்க் குழந்தைகள் பிறக்கின்றன. இதைத் தாயின் மேல் சுமத்தும் பழிச்சொல்லாக்குவது நம் ஊர் வழக்கம். கணக்கின்படி பாதிப் பிழை தந்தையுடையது. அதை யாரும் சொல்வதில்லை.

*

நொதி மருந்தின் தேவை இந்த ஒரு நோயோடு முடிவதுமில்லை. நம் தென்னாட்டில் காணப்படும் இன்னொரு கணைய நோய் உண்டு. ஏழைச் சிறுவர்களுக்கு வயிற்று வலியில் தொடங்கி, கணையத்தில் கல் சேர்ந்து, இளமையிலேயே சர்க்கரை நோயில் முடிவது. திருவனந்தபுரத்தில் பி. ஜே. கீவர்கீஸ் அத்தகையோரை நூற்றுக்கணக்கில் கண்டு 1968-ல் ஒரு நூலே எழுதினார். மரவள்ளிக் கிழங்கின்மேல் பழி விழுந்தது. பின்னாளில், மரவள்ளி உண்ணாத இடங்களிலும் நோய் இருப்பதும், மரபணுவுக்குப் பங்கு இருப்பதும் தெரிந்தது. அவர்களுக்கும் செரிமானத்துக்கு இதே மணிகள்தாம்.

மணிகள் எல்லாம் இன்றும் பன்றியிடமிருந்தே வருகின்றன. இன்சுலினும் ஒருகாலத்தில் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து வந்ததே. 1982 முதல் நுண்ணுயிரிகளைக் கொண்டு மனித இன்சுலின் செய்யக் கற்றபின் விலங்கை விட்டுவிட்டோம். நொதிக்கு அந்த விடுதலை கிடைக்கவில்லை. பன்றியில்லாத நொதி ஒன்றை அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-ல் ஏற்க மறுத்தது; போதிய பலன் காட்டப்படவில்லை. நம் மருந்துக் கடைகளில் பசிக்கும் செரிமானத்துக்கும் விற்கும் இனிப்புத் திரவங்களில் பெரும்பாலும் இருப்பவை மாவையும் புரதத்தையும் செரிப்பவை. கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் அவற்றில் போதிய அளவு கிடையாது. அவற்றைப் புட்டி புட்டியாகக் கொடுத்தும் பிள்ளை தேறவில்லை என்றால் வியப்பில்லை.

என் மாணவியின் மாமியார் புலால் உண்ணாதவர். மருந்து எதிலிருந்து வருகிறது என்று அவருக்கு ஓராண்டு சொல்லவில்லையாம். சொன்ன அன்று அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “புள்ள தேறுதில்ல? அப்பறம் என்ன” என்றாராம். இசுலாமியக் குடும்பங்களிலும் இதே கேள்வி எழுகிறது. மாற்று இல்லாதபோது உயிர் காக்கும் மருந்து விலக்கல்ல என்பதே அறிஞர்களின் பொதுவான விடை. மதுரைக் கோட்டைப் பட்டியலில் கணையத்தோடு பன்றி இருந்தது தற்செயல்தான். இந்தப் பிள்ளையின் உடலில் கணையம் விழுந்தபின் காவலுக்கு நிற்பதும் பன்றிதான். நான் இதில் தத்துவம் எதையும் தேடவில்லை. கண்ணகியின் கோயிலில் நின்றுகொண்டிருந்தபோது நினைவுக்கு வந்தது, அவ்வளவே.

*

2012 முதல், பிழையான புரதத்தையே ஓரளவு வேலை செய்யவைக்கும் மருந்துகள் வந்துள்ளன. 2019-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மும்மருந்துக் கூட்டு, அங்குள்ள நோயாளிகளின் வாழ்க்கையை மாற்றிவிட்டது. அங்கு அதன் பட்டியல் விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலரைத் தாண்டும். நம் பிள்ளைக்கு அது இன்னும் செய்தித்தாளில் வரும் ஊர். இந்திய அரசின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் வந்தபோது, இந்த ஒரே நோய் இரண்டு இடங்களில் இடம்பெற்றது. நொதி மருந்து, நெடுங்காலம் தேவைப்படினும் செலவு ஒப்பளவில் குறைந்த இரண்டாம் தொகுதியில். புது மருந்துகள், மிகுசெலவுக்குரிய மூன்றாம் தொகுதியில். 2022-ல் உதவித்தொகையின் உச்சவரம்பு 50 லட்சமாக உயர்ந்தது. தாளில் நல்ல செய்திதான். அதற்குரிய தனிச்சிறப்பு மையங்கள் பெருநகரங்களில் உள்ளன. நாளைக்கு ஆறு மாத்திரை, வாழ்நாள் முழுதும் என்ற கணக்கைத் தினக்கூலியில் போட்டுப் பார்ப்பவர்களுக்கு அந்த மையம் வெகுதூரம்.

என் பாட்டிக்கு ஒன்பது பிள்ளைகள். தங்கியது ஐந்து. இருவரைக் கணை கொண்டுபோயிற்று என்பார். “நெத்தியில முத்தம் குடுத்தா உப்பாக் கரிக்கும்டா அதுக்கு” என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னதாக எனக்கொரு நினைவு இருக்கிறது. உண்மையிலேயே சொன்னாரா, இவற்றையெல்லாம் படித்தபின் என் மனம் அவர் வாயில் ஏற்றிய சொல்லா என்று இப்போது என்னால் பிரிக்க முடியவில்லை. அதனால் அதைச் சான்றாக வைக்க மாட்டேன். ஆனால் நம் ஊர்களில் கணை என்றும் சவலை என்றும் புதைத்த பிள்ளைகளில் சிலரேனும் இந்நோய்க்காரர்களாக இருந்திருப்பர். அவர்களுக்கு வேண்டியிருந்த பொடி 1880களிலேயே கடையில் இருந்தது.

எவ்வளவு உண்டும் தேறாத குழந்தை, எண்ணெய் மிதக்கும் மலம், விடாத இருமல், முத்தத்தில் உப்பு. இந்த நான்கில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் வியர்வையைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாசகர்களில் ஆசிரியர்கள் பலர் இருப்பீர்கள். நம்மிடம் பழைய மாணவர்கள் எதையும் கேட்பார்கள். சொல்லின் வேரைச் சொல்லுமுன் மருத்துவரிடம் போகச் சொல்லிவிடுவது நல்லது.

அன்று கிளம்பும்போது பையன் என் கையில் ஓர் உருண்டை மாவை வைத்தான். “ஐயாவுக்கும் மாத்திரை குடும்மா” என்றான். எனக்கு வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். என்னிடம் கணையம் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மாவைத் தின்றேன்.